விதி 115-ம் பதினேழு வளைவுகளும்

கார் விளம்பரங்களில் மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், அதற்கு விளக்கம் போட்டிருப்பார்கள்: 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 115-ன் கீழ் சோதனை முகமை சான்றளித்தது என்று. பல வருஷமாக நானும் அதைத் தாண்டித்தான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த விதியை எடுத்துப் படித்தேன். விதி 115 மைலேஜ் பற்றிய விதியே இல்லை. அது புகையைப் பற்றிய விதி.

புகை விதிக்குக் கீழே எப்படி மைலேஜ் வந்தது? இதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கத்தில், போடிநாயக்கனூரில், யார் பழைய கார் வாங்கினாலும் இரண்டு கேள்வி கட்டாயம் வரும். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்பது முதல் கேள்வி. "மேட்டுக்கு ஏறுமா?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அரசாங்க முத்திரை குத்திய பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு மெக்கானிக் பட்டறை வாசலில் கிடைக்கிற பதில்தான். நாற்பது வருஷ இந்தியச் சோதனை வரலாற்றில் இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை என்பதுதான் நான் கண்டுகொண்டது.

வெளியூர் வாசகர்களுக்காக ஊரைப் பற்றி நாலு வரி. போடி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. மலைக்கு அந்தப்புறம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏலமலை. தோட்டம் அங்கே, வியாபாரம் இங்கே. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னேலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது. விடியக் கருக்கலில் ஜீப் ஜீப்பாகத் தோட்ட வேலைக்கு ஆட்கள் ஏறிப் போவார்கள், சாயங்காலம் இறங்கி வருவார்கள். ஜீப்பெல்லாம் டீசல். கணக்குப்பிள்ளை, சின்ன வியாபாரி, ரெண்டு ஏக்கர் தோட்டக்காரர் இவர்களுடைய வண்டிதான் சின்ன பெட்ரோல் கார். போடியிலிருந்து போடிமெட்டு 26 கி.மீ. முந்தல் வரைக்கும் ஓரளவு சமதரை, அதற்கப்புறம் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மொத்தம் ஏறுவது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். முன்னே தேசிய நெடுஞ்சாலை 49 என்று பெயர், இப்போது 85. இந்த ஆயிரம் மீட்டரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வேண்டியிருக்கும்.

சரி, மைலேஜ் எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்று ஒரு நிறுவனம், இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், 1966-ல் தொடங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் பின்னாளில் இதே மாதிரி ஒரு மையம் வந்தது. ஏ.ஆர்.ஏ.ஐ. இருப்பது வேதாள் டேக்டி என்கிற குன்றின் மேல். குன்றின் மேல் இருக்கிற ஆய்வுக்கூடத்தில் சோதனை மட்டும் சமதரைக்கு! அங்கே காரை ஓட்டுவதில்லை. டிரைவிங் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். உருளை சுற்றும், கார் நகராது. முன்னால் ஒரு பெரிய மின்விசிறி காற்றடிக்கும். டிரைவர் முன்னால் ஒரு திரை, அதில் ஒரு கோடு மேலும் கீழும் போகும். எந்த நொடியில் என்ன வேகம் என்பது அந்தக் கோடு. அதை விட்டு விலகாமல் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மிதிப்பதுதான் அவர் வேலை.

சைலன்சர் வாயிலிருந்து வருவது அத்தனையையும் ஒரு குழாய் இழுத்துக்கொள்ளும். அதோடு சுத்தக் காற்றைக் கலந்து, அதில் ஒரு சிறு பங்கை பிளாஸ்டிக் பைகளில் பிடிப்பார்கள். ஓட்டம் முடிந்ததும் பையிலுள்ள காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, எரியாத ஹைட்ரோகார்பன் எவ்வளவு, நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்று அளப்பார்கள். கி.மீ.க்கு இத்தனை கிராம் என்று புகை எண் வரும்.

மைலேஜ் வருவதும் இதே பையிலிருந்துதான். பெட்ரோலில் இருக்கிற கார்பன் எங்கேயும் மாயமாகிப் போகாது. கார்பன் டை ஆக்சைடாக, மோனாக்சைடாக, எரியாத ஹைட்ரோகார்பனாக சைலன்சர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பையிலுள்ள கார்பனைக் கூட்டினால் எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று தெரிந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதனால் கி.மீ.க்கு 130 கிராம் என்றால் லிட்டருக்குப் பதினெட்டு கி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. இந்த 130 கிராம்தான் 2017-18-ல் இந்தியாவில் கார் கம்பெனிகளுக்கு வைத்த சராசரி இலக்கு, 2022-23-க்கு அது 113 ஆனது.

அதாவது மைலேஜ் எண் தனிப் பிள்ளை இல்லை, புகைச் சோதனையின் உடன்பிறப்பு. விளம்பரத்தின் நட்சத்திரக் குறி புகை விதியைக் காட்டுவது இதனால்தான். திரையில் போகிற அந்தக் கோடு எதைப் பார்க்காமல் விடுகிறதோ, அதைப் புகை எண்ணும் பார்ப்பதில்லை, மைலேஜ் எண்ணும் பார்ப்பதில்லை.

அந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் பழைய நகரச் சோதனைக் கோடு லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள் போகும் ஒரு நிஜமான வழியிலிருந்து வந்தது. அந்த ஊர்க் காலை நேர நெரிசல் அமெரிக்கா முழுமைக்கும் அளவுகோல் ஆயிற்று. ஐரோப்பியர்கள் தங்கள் நகர ஓட்டத்தை நேர்கோடுகளாக மழித்து இன்னொன்று செய்துகொண்டார்கள். நாம் 1980-களில் நமக்கென்று ஒன்று செய்தோம், இந்தியன் டிரைவிங் சைக்கிள் என்று பெயர். ஒரு சுற்று 108 நொடி, 658 மீட்டர். அதையே ஆறு தடவை. மொத்தம் 648 நொடி, நாலு கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. உச்ச வேகம் 42 கி.மீ., சராசரி 22-க்குச் சற்றுக் கீழே.

சிரிக்க வேண்டாம், அந்தக் காலத்து நகர ஓட்டம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது சாலையில் அதிகம் ஓடியது அம்பாசடரும் பத்மினியும்தான். சிக்னலுக்கு நின்று, மெல்ல நகர்ந்து, மாட்டு வண்டிக்குப் பின்னால் போய், மறுபடி நின்று ஓடுகிற ஓட்டத்தை அந்தக் கோடு பிடித்துத்தான் இருந்தது. 2000-த்தில் ஐரோப்பியக் கோட்டை வாங்கி மாற்றியமைத்தார்கள். மொத்தம் 1,180 நொடி. முதல் 780 நொடி நகரம், கடைசி 400 நொடி நெடுஞ்சாலை. ஐரோப்பாவில் அந்த நெடுஞ்சாலைப் பகுதி 120 கி.மீ. வேகம் வரை போகும், நம்முடையதில் 90-ஓடு நிறுத்திக்கொண்டார்கள். நம்முடைய சின்ன கார்களையும் சாலைகளையும் மனதில் வைத்துச் செய்த நியாயமான திருத்தம்.

எல்லாத் திருத்தத்திலும் மாறாமல் இருந்தது ஒன்று. சாலை சமமாகவே இருந்தது. வண்டியின் எடைக்குமேல் 150 கிலோ, அதாவது ரெண்டு பேர் பாரம். ஏசி அணைந்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் போனாலும் சரி, புனே போனாலும் சரி, மலை கிடையாது.

மலை எவ்வளவு வித்தியாசம் செய்யும்? பள்ளிக்கூட இயற்பியல் போதும். மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. டிரைவரோடு நாலு பேர் ஏறினால் 900 கிலோ. 900 கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க 88 லட்சம் ஜூல் வேண்டும், அதாவது 8.8 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவுக்கு இருக்கிறது. ஆனால் அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். மீதி ரேடியேட்டருக்கும் சைலன்சருக்கும். அப்படின்னா லிட்டருக்கு 8 மெகாஜூல். உயரம் ஏறுவதற்கு மட்டும் 1.1 லிட்டர் பெட்ரோல்.

சமதரையில் 18 கி.மீ. குடுக்கிற கார் 26 கி.மீ.க்கு 1.4 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். ரெண்டையும் கூட்டினால் இரண்டரை லிட்டர். ஆக, போடியிலிருந்து மெட்டுக்கு லிட்டருக்குப் பத்து கி.மீ. சொச்சம்தான். இது காகிதக் கணக்கு. வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து மறுபடி கிளம்புவதையும், ரெண்டாவது கியரில் உறுமிக்கொண்டே போவதையும் சேர்க்கவில்லை. கி.மீ.க்கு 220 கிராம் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது, 130 எங்கே, 220 எங்கே?

எஞ்சினுக்குத் தெரிகிற பாரம் இதைவிடக் கடுமை. சமதரையில் 30 கி.மீ. வேகத்தில் போக இந்தக் காருக்கு ஒரு கிலோவாட்டும் கொஞ்சமும் போதும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறுகிற சாலையில் அதே வேகத்துக்கு ஐந்தரை கிலோவாட் வேண்டும். நாலு மடங்குக்கு மேல். முன்னால் கட்டை லாரி போய், அதை முந்த வேண்டி வந்தால் ஆக்சிலேட்டர் தரை தட்டும். அங்கேதான் புகை விஷயம் வருகிறது.

கார்புரேட்டர் வண்டிகளில், முழு மிதி மிதிக்கும்போது கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற ஒரு தனி வழி உண்டு. வேண்டிய காற்றைவிடப் பெட்ரோல் அதிகமானால் முழுசாக எரியாது, கார்பன் மோனாக்சைடாக வெளியே வரும். கம்ப்யூட்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியிலும் முழு மிதியில் இதே வேலைதான் நடக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மோனாக்சைடை டை ஆக்சைடாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும். பெட்ரோல் மிகுந்த புகையில் அது இருக்காது. எந்த நிமிஷத்தில் கன்வெர்ட்டர் அதிகம் தேவையோ, அந்த நிமிஷத்தில் அது கை கட்டி நிற்கும்.

இன்னொன்று உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். எம்.பி.எஃப்.ஐ.க்கு சென்சார் இருக்கிறது, காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. காற்று மெலிந்ததும் கலவை நூற்றுக்கு ஐந்து அளவுக்குப் பெட்ரோல் பக்கம் சாயும். போடியில் சரியாக டியூன் செய்த வண்டி மெட்டில் சரியாக இருக்காது.

போடியில் பழைய 800-கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னது: "தம்பி, சர்டிபிகேட்டுக்கு ஒரு செட்டிங், மேட்டுக்கு ஒரு செட்டிங். பொகை டெஸ்டுக்குப் போகணும்னா ஸ்க்ரூவ ரெண்டு மொற திருகி விடுவோம். டெஸ்ட் முடிஞ்சதும் திருப்பி வச்சாத்தான் முந்தல் தாண்டும்."

"அப்ப சர்டிபிகேட்ல இருக்கறது எந்த வண்டிண்ணே?" என்றேன்.

"நின்னுக்கிட்டு இருக்கற வண்டி" என்றார்.

மனுஷன் விளையாட்டாகச் சொன்னார், ஆனால் சட்டத்தில் இருப்பதும் அதேதான். பி.யூ.சி. என்று நாம் வாங்குகிற புகைச் சான்று, வண்டி நின்ற இடத்தில் ஐட்லிங்கில் ஓடும்போது சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகி எடுப்பது. 1989 விதிப்படி நாலு சக்கர பெட்ரோல் வண்டிக்கு மோனாக்சைடு நூற்றுக்கு 3 வரை அனுமதி. 2004 அக்டோபரில், பாரத் ஸ்டேஜ் 2 கார்களுக்கு அது 0.5 ஆனது. பழசுக்கு அதே 3. ஐட்லிங் கலவைக்கும் மலை ஏறும்போது போகிற கலவைக்கும் கார்புரேட்டருக்குள் வேற வேற துளை, வேற வேற வழி. ஒன்றை அளந்து மற்றதைச் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது எஞ்சினின் கதை. இனிமேல் வருவது வரைபடத்தின் கதை. எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான்.

எம்.சி. மேத்தா டெல்லிக் காற்றுக்காக உச்சநீதிமன்றம் போனது 1985-ல். 1991-ல் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். சைக்கியா தலைமையில் ஒரு குழு போட்டது. அதே 1991-ல்தான் பெட்ரோல் கார்களுக்கு முதல் தடவையாக கிராம் கணக்கில் எல்லை வந்தது. மிகச் சின்ன கார்களுக்கு மோனாக்சைடு கி.மீ.க்கு 14.3 கிராம். இன்றைய பாரத் ஸ்டேஜ் 6-ல் அது 1 கிராம். அந்த எல்லையை அப்படியே பிடித்து ஒரு கார் போடியிலிருந்து மெட்டுக்குப் போனதாக வைத்தால், அன்றைக்கு 370 கிராம், இன்றைக்கு 26 கிராம். முப்பது வருஷத்தில் இது பெரிய சாதனை, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வரவில்லை. 1995 ஏப்ரல் 1-லிருந்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு ஊர்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம். அங்கே மட்டும் ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. போடி மாதிரிச் சின்ன ஊர்களில் பரவலாகக் கிடைத்தது ஈயம் கலந்த பெட்ரோல்தான். நாடு முழுக்க ஈயம் போனது 2000 பிப்ரவரியில். கன்வெர்ட்டருக்கு ஈயம் விஷம். உள்ளே பூசியிருக்கிற பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்துவிட்டால் அது வெறும் தகரப் பெட்டி. சென்னையில் 1996-ல் வாங்கிய காரை ரெண்டு வருஷம் கழித்து இந்தப் பக்கம் ஒருவர் வாங்கி வந்து இங்கேயே பெட்ரோல் போட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டத்தில் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை, கன்வெர்ட்டர் மட்டும் செத்துப்போயிருக்கும்.

2000 ஏப்ரலில் யூரோ 1-க்கு ஈடான 'இந்தியா 2000' நாடு முழுக்க வந்தது, அதே நாளில் டெல்லிக்கு பாரத் ஸ்டேஜ் 2. சென்னைக்கு அது 2001-ல் வந்தது. தேனி மாவட்டத்துக்கு 2005-ல், நாட்டின் மிச்சத்தோடு சேர்ந்து. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 பதின்மூன்று நகரங்களில் வந்தது, தமிழ்நாட்டில் சென்னை மட்டும். மாருதி 800-ஐ அந்தத் தரத்துக்கு உயர்த்துவதில்லை என்று கம்பெனி முடிவு செய்தது. அந்த நகரங்களில் விற்பனை நின்றது. மற்ற ஊர்களில் 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை விற்றார்கள். நாலு வருஷம் கிட்ட, சென்னைக்காரருக்குச் சட்டப்படி வாங்க முடியாத புதுக் காரை போடிக்காரர் வாங்கலாம். 2017-ல்தான் பாரத் ஸ்டேஜ் 4 எல்லா ஊருக்கும் ஆனது.

இதில் அநியாயம் என்று நான் கூவ வரவில்லை. நல்ல பெட்ரோல் இல்லாமல் நல்ல எஞ்சின் ஓடாது, சுத்திகரிப்பு ஆலைகளை மாற்ற வருஷங்கள் பிடிக்கும், மக்கள் நெருங்கி வாழும் இடத்துக்கு முதலில் என்பதும் நியாயம். போடிமெட்டுக் காற்று டெல்லிக் காற்றும் இல்லை. மேகம் தவழ்கிற இடம், காற்றடித்தால் எல்லாம் போய்விடும். ஆனால் ஒன்று: மாசு குறைந்த ஊருக்குப் பழைய கார் போதும் என்று வரைபடம் சொன்னது. அந்தப் பழைய காரை அதிகம் புகைய வைக்கிற சாலையும் இதே ஊரில்தான் இருக்கிறது என்பது வரைபடத்தில் தெரியாது. வளைவில் லாரிக்குப் பின்னால் ஜீப்பில் உட்கார்ந்து போகிற தோட்டத் தொழிலாளிக்குத் தெரியும்.

மலையில் யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேடினால், உலகத்தையே ஆட்டிய ஓர் ஆய்வு கிடைக்கிறது. அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013-ல் மூன்று டீசல் கார்களில் கையோடு எடுத்துப்போகும் புகை அளவிகளைப் பின்பக்கம் கட்டி கலிபோர்னியாச் சாலைகளில் ஓட்டினார்கள். டேன் கார்டர் தலைமையிலான அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நம் பக்கத்துப் பெயர்கள். ஓட்டிய வழிகளில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் சான் அன்டோனியோ மலைமேல் ஏறி இறங்குகிற வழி. ரெண்டு ஃபோக்ஸ்வேகன் கார்களும் நைட்ரஜன் ஆக்சைடை எல்லைக்குமேல் பல மடங்கு கக்கின. ஒன்று 15 முதல் 35 மடங்கு. 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. உருளைமேல் நிற்கிறோமா, சாலையில் ஓடுகிறோமா என்று கண்டுபிடித்து வேஷம் மாற்றும் மென்பொருள்.

எல்லோரும் சொல்லும் கதை இதோடு முடியும். எனக்குச் சுவையானது மூன்றாவது கார், ஒரு பி.எம்.டபிள்யூ. அது மற்ற வழிகளிலெல்லாம் பெரும்பாலும் எல்லைக்குள் நின்றது. மலை வழியில்தான் அதுவும் தாண்டியது. மோசடி எதுவும் தேவைப்படவில்லை, மேடு போதுமானதாக இருந்தது.

நம் ஊரிலும் இப்படி நடந்தது, அதற்கு ரெண்டு வருஷம் முன்னால். 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1,14,000 டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சோதனைக்கு மட்டும் நல்ல எஞ்சினாகப் பொறுக்கி மாட்டியது தெரியவந்தது. உருளைமேல் நடப்பதை மட்டும் நம்பினால் எப்படியெல்லாம் ஏமாறலாம் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

இதெல்லாம் சேர்ந்து நிஜச் சாலைச் சோதனை என்று ஒன்று வந்தது. ஐரோப்பாவில் முதலில், இந்தியாவில் 2020-லிருந்து வெறும் கண்காணிப்பாக, 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக. அந்தத் தேதியை ஒட்டித்தான் 800-ன் வாரிசான ஆல்டோ 800-ம் நின்றது. புதிய தரத்துக்கு ஏற்ற செலவு அந்த விலைக்குள் அடங்கவில்லை.

ஆகா, சாலைக்கு வந்துவிட்டார்களே, இனி மலைக்கும் வருவார்கள் என்று ஆசையோடு ஐரோப்பிய விதியைப் படித்தேன். இந்திய விதியும் அதே அச்சில் வார்த்ததுதான். கிளம்புகிற இடத்துக்கும் முடிகிற இடத்துக்கும் உயர வித்தியாசம் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மொத்த ஏற்றம் நூறு கி.மீ.க்கு 1,200 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். பயணம் 90 முதல் 120 நிமிஷம்.

நம் சாலையைப் பொருத்திப் பார்த்தேன். போடி - மெட்டு ஒரு வழி: 26 கி.மீ.க்கு ஆயிரம் மீட்டர், நூறு கி.மீ. கணக்கில் 3,800. மூன்று மடங்கு. உயர வித்தியாசத்திலேயே அடிபட்டும் போகிறது. சரி, போய்த் திரும்பலாம்: 52 கி.மீ., முதல் நிபந்தனை தீர்ந்தது, ஏற்றம் 1,900. ஆகாது. தேனியிலிருந்து கிளம்பினால்? தேனி போடிக்குக் கிழக்கே 15 கி.மீ. போக வர 82 கி.மீ., 1,220. அடடா, மயிரிழையில் வெளியே. தேனி போடியைவிடத் தாழ்வு, அதையும் சேர்த்தால் இன்னும் கூடும். விடாமல் ஆண்டிபட்டியிலிருந்து பார்த்தேன். 115 கி.மீ. கிட்ட வரும், ஏற்றம் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சாலையில் அத்தனை தூரம் ரெண்டு மணி நேரத்தில் போய்த் திரும்ப யாராலும் முடியாது. முடிந்தால் அவரை டிரைவர் வேலைக்கு வைக்கக்கூடாது.

அதாவது சாலைக்கு வந்த சோதனையும் முந்தலோடு நின்றுவிடுகிறது. இதற்கும் காரணம் இருக்கிறது. எல்லாக் காரையும் ஒப்பிடத்தக்க ஒரே மாதிரி நிலையில் அளக்க வேண்டும், ஆல்ப்ஸ் மலையில் ஒரு காரையும் நெதர்லாந்தில் ஒரு காரையும் ஓட்டி ஒப்பிட முடியாது. ஒப்பிடுவதற்கான எண் என்று அதை எடுத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. ரெண்டு கார்களில் எது சிக்கனம் என்று அது சரியாகவே சொல்லும். வாங்குகிறவர் அதைத் தன் சாலைக்கான எண் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். நட்சத்திரக் குறிக்குக் கீழே எத்தனை சின்ன எழுத்தில் போட்டாலும் 'மேட்டுக்கு இல்லை' என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது.

சொந்தமாக அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபுல் டேங்க் அடித்து, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் அடித்துப் பார்க்கிற பழைய முறை மலைக்கும் சரிதான், ஒரு நிபந்தனையோடு: கிளம்பிய பங்குக்கே திரும்பி வந்து, முடிந்தால் அதே குழாயில் போட வேண்டும். மேலே பூப்பாறையில் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் வண்டி மோசம் என்று தோன்றும், மேலே நிரப்பி போடியில் கணக்குப் பார்த்தால் பைக்கைத் தோற்கடிக்கும்.

ஏனென்றால் இறக்கத்தில் நடப்பது அப்படி. எம்.பி.எஃப்.ஐ. வண்டி கியரில் இருந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் இன்ஜெக்டரையே மூடிவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும், பெட்ரோல் செலவு பூஜ்யம். நம்ம ஆட்கள் பலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குவார்கள். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். கியரில் வருவதைவிட அதிகச் செலவு, கூடவே பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகிற ஆபத்து வேறு. கார்புரேட்டர் காலத்தில் கியரில் வந்தாலும் கொஞ்சம் குடித்தது, அந்தக் காலத்துப் பழக்கம் வண்டி மாறியும் போகவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்து இறங்குகிறவர்களும் உண்டு. பிரேக் பூஸ்டரும் அதோடு போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். அவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை நடுங்குகிறது.

இறக்கத்தைக் காசாக்கியது இந்த மலைக்குப் புதுசும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்தது. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலைக் கொண்டுபோனது. கீழே மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். குரங்கணிப் பக்கம் போகிறவர்கள் கொட்டகுடியில் விசாரித்தால் பழைய பாட்டம் ஸ்டேஷன் இருந்த இடத்தைக் காட்டுவார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.